பத்து கிலோமீட்டர் வசப்பட்டுவிட்டது. ஜனவரியில் முதல் ஃபுல் மாரத்தான் (42 கி.மீ.) ஓடலாமா?

தாம்பரத்துத் தென்றல் | ஞாயிறு, காலை 10:20

வணக்கம். எனக்கு வயது 43, எடை 74 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் கணக்கு வேலை. அப்பாவுக்குச் சர்க்கரை. பெரியப்பாவுக்கு ஐம்பது வயதிலேயே மாரடைப்பு. அந்தப் பயத்தில்தான் போன வருடம் ஓட ஆரம்பித்தேன். இப்போது பயத்துக்காக ஓடுவதில்லை, ஓட்டமே பிடித்துவிட்டது. 10 கி.மீ. எந்த நாளும் ஓட முடிகிறது, ஹாஃப் மாரத்தானும் முடித்தாயிற்று. வருகிற ஜனவரியில் சென்னை மாரத்தானில் ஃபுல் பதிவு செய்யும் எண்ணம். இது செப்டம்பர், கையில் நான்கு மாதம் இருக்கிறது.

குழப்பம் என்னவென்றால், லாங் ரன் (நெடுந்தூரப் பயிற்சி ஓட்டம்) 21 கி.மீ.யைத் தாண்டினால் மூச்சு நன்றாகவே இருக்கிறது, கால்தான் மறுக்கிறது. கெண்டைக்கால் கல்லாகிவிடுகிறது. காலை 5 மணிக்கு, அதே மெதுவான வேகத்தில் ஓடினாலும் கடைசி ஒரு மணி நேரத்தில் இதயத்துடிப்பு 145-இலிருந்து 165 வரை ஏறுகிறது. வீட்டில் "முட்டி தேஞ்சுடும்" என்று தினமும் பாட்டு. முட்டி உண்மையிலேயே தேயுமா? நான்கு மாதம் போதுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பெசன்ட்நகர் அலை | ஞாயிறு, காலை 11:45

முதலில் இதயத்துடிப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓடுகிற எல்லோரையும் இது குழப்பும்.

ஓடும்போது நாம் செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது. அதை வெளியேற்ற ரத்தம் தோலுக்கும் போக வேண்டும், அதே நேரத்தில் கால் தசைக்கும் போக வேண்டும். வியர்வையில் நீர் போகப் போக ரத்தத்தின் அளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால், துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் அது ஈடுகட்ட முடியும். உங்கள் 145 வேகம் மாறாமலே 165 ஆவது இப்படித்தான். உங்கள் உடற்தகுதி குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை.

நம் ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். செப்டம்பர் விடியற்காலையில் காற்று ஈரத்தால் நிறைந்து கிடக்கும்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டித் தரையில் விழுகிறது. சொட்டிய வியர்வையால் குளிர்ச்சி இல்லை, நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். எலியட்ஸ் கடற்கரையில் ஓடுபவர்கள் பனியனைப் பிழிந்தால் தண்ணீர் ஓடும். அதே ஆள் கோவையில் ஓடினால் பாதி நனைந்திருப்பார்.

அதனால் வாட்சில் பேஸ் (ஓட்ட வேகம்) பார்ப்பதை டிசம்பர் வரை மூட்டை கட்டி வையுங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதுதான் அளவு. திக்கித் திக்கிப் பேச்சு வந்தால் வேகம் அதிகம். தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் வெக்கையில் ஓடினால் உடம்பு கொஞ்சம் பழகும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். ஒரு மாதம் விட்டுவிட்டால் அந்தப் பழக்கம் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வைகைக்கரை | ஞாயிறு, மாலை 4:10

தம்பி, கேட்கிறேன் என்று வருத்தப்பட வேண்டாம். 42 கி.மீ. எதற்கு?

இந்தத் தூரத்தை எந்த மருத்துவரும் உடல்நலத்துக்காகக் கணக்கிட்டுச் சொல்லவில்லை. 1896-இல் ஏதென்ஸில் ஓடியது ஏறக்குறைய 40 கி.மீ. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்த இடத்துக்கு முன்னால் முடியும்படி பாதை போட்டார்கள். அந்தக் கணக்கு 42.195 ஆனது. 1921-இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அரண்மனை வாசல் எங்கே இருந்தது என்பதற்காக நம் கால் ஏன் நோக வேண்டும்?

உங்கள் கவலை சர்க்கரையும் இதயமும் என்றால் வாரம் நாலு நாள் 5, 6 கி.மீ. ஓடினாலே கிடைக்க வேண்டியதில் பெரும்பங்கு கிடைத்துவிடும். தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதற்கு 42 தேவையில்லை, சாப்பிட்டபின் அரைமணி நடந்தாலே நடக்கும். நான் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். அறுபதைத் தாண்டியும் ஓட முடிவதற்கு அதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இயன்முறை திருச்சி | ஞாயிறு, இரவு 9:30

நான் இயன்முறை மருத்துவர், ஓடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். தென்றல் சார் எழுதியதில் ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

> மூச்சு நன்றாகவே இருக்கிறது, கால்தான் மறுக்கிறது

ஓட ஆரம்பித்து ஓராண்டு, இரண்டாண்டு ஆனவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் வருகிறார்கள். உடம்பின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ரத்தத்தின் அளவு ஒன்றிரண்டு வாரத்திலேயே கூடுகிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தெம்பாகிவிடும். தசைக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு அதைவிட அதிகம், ரத்த ஓட்டம் குறைவான இடம் அது. எலும்பின் கதை இன்னும் மெதுவானது. பளு கூடியதும் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைக்கும், அப்புறம்தான் புதிதாகக் கட்டும். ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதமாகும். கரைத்து முடித்துக் கட்டத் தொடங்கும் இடைவெளியில் எலும்பு கொஞ்சம் வலுக் குறைந்தே இருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் மூச்சு நன்றாகிவிட்ட தைரியத்தில் ஆள் தூரத்தைக் கூட்டுவார். அப்போது எலும்பில் வரும் மெல்லிய விரிசல்தான் கீறல் முறிவு. ஆகவே "மூச்சு வாங்கவில்லை" என்பதைத் தூரம் கூட்டுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முட்டிக்கு வருகிறேன். வீட்டில் சொல்வது பொதுவான நம்பிக்கை, தரவு வேறு மாதிரி இருக்கிறது. 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொழுதுபோக்காக ஓடுபவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம். ஓடாதவர்களில் 10.2. போட்டி வீரர்களில் 13.3. முட்டி கெட்டவர்கள் ஓடுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதால் இந்த எண்ணை அப்படியே ஓட்டத்தின் பெருமையாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் "ஓடினால் தேயும்" என்பதற்கு இதில் ஆதரவு இல்லை. எடை கூடுவதும் பழைய காயமும்தான் முட்டிக்கு உண்மையான எதிரிகள்.

உங்கள் பிரச்சினை முட்டிக்குக் கீழே. ஒவ்வோர் அடியிலும் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையின் இரண்டிலிருந்து மூன்று மடங்கு. குதிகாலுக்கு மேலே இருக்கும் குதிநாண் தாங்குவது ஆறேழு மடங்கு. 42 கி.மீ.க்கு ஏறக்குறைய 40,000 அடி. கெண்டைக்கால் கல்லாவது அங்கே வலு போதவில்லை என்பதால்தான். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, ஒற்றைக்காலில் குதிகாலை ஏற்றி மெதுவாக இறக்குங்கள். தடையில்லாமல் 25 முறை வருகிறதா, ஒவ்வொரு காலிலும் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

தாம்பரத்துத் தென்றல் | திங்கள், காலை 6:50

நன்றி டாக்டர். எண்ணினேன். வலதில் 16, இடதில் 11. அதற்கு மேல் கால் நடுங்குகிறது.

கடையில் தடிமனான குஷன் வைத்த ஷூ போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள், விலை பதினைந்தாயிரம். வாங்கலாமா? அப்புறம் வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது என்று எல்லோரும் சொல்லும் விதி சரிதானா?

இயன்முறை திருச்சி | திங்கள், பிற்பகல் 2:05

11 என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதில். நாள் விட்டு நாள், மூன்று சுற்று. சுலபமானதும் முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டுச் சுமந்துகொண்டு செய்யுங்கள். முட்டியை லேசாக மடக்கி வைத்தும் ஒரு சுற்று செய்யுங்கள். கெண்டைக்காலின் உள்ளடுக்குத் தசை அப்போதுதான் வேலை செய்யும், நெடுந்தூரத்தில் அதிகம் உழைப்பது அதுதான். இதோடு ஸ்குவாட், ஒற்றைக்காலில் குனிந்து எழுவது, இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு ஒரு பயிற்சி. வாரம் இரண்டு நாள், அரைமணி போதும்.

ஷூ உங்களுக்கு வசதியாக, விரல் முன்னால் இடிக்காமல் இருந்தால் போதும். காலை மாலை பாதம் ஒரே அளவில் இருப்பதில்லை, மாலையில் போய் வாங்குங்கள். விலை கூடினால் காயம் குறையும் என்று சொல்ல ஆதாரமில்லை. மிச்சப் பணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

பத்து சதவீத விதியை 2008-இல் நெதர்லாந்தில் சோதித்தார்கள். புதிதாக ஓடுபவர்களில் ஒரு குழு 8 வாரத் திட்டம், இன்னொன்று பத்து சதவீத விதிப்படி 13 வாரம். இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். விதி காப்பாற்றவில்லை. என் அனுபவத்தில், வாரக் கூட்டுத்தொகையைவிட ஒரே நாளில் எடுக்கும் தாவல்தான் ஆபத்து. இதுவரை 18-க்கு மேல் போகாதவர், நண்பர்கள் போகிறார்கள் என்று திடீரென 28 ஓடுவது.

அடி எடுத்து வைக்கும் எண்ணிக்கையையும் கவனியுங்கள். இப்போது நிமிடத்துக்கு 155 என்றால் 163 ஆக்குங்கள், வேகம் கூட்டாமல். அடி நீளம் குறைந்தால் முட்டியில் விழும் சுமை குறைகிறது என்று 2011-இல் விஸ்கான்சினில் அளந்து காட்டியிருக்கிறார்கள். 180 வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அது ஒலிம்பிக் வீரர்கள் போட்டி வேகத்தில் ஓடியபோது எண்ணியது.

ரேஸ்கோர்ஸ் காலை | திங்கள், இரவு 8:15

கோவையிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைப் படிக்கும் பெண்களுக்காக ஒன்று சேர்க்க வேண்டும். ஆண்கள் பேசும்போது இது வருவதே இல்லை.

இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. எனக்கு ஹீமோகுளோபின் சரியாகத்தான் இருந்தது, 12-க்கு மேல். ஆனால் வழக்கமான 8 கி.மீ.யிலேயே படியேறுவதுபோல இரைப்பு. ரத்தத்தில் ஃபெரிட்டின் சோதனை எடுத்துப் பார்த்தபோதுதான் இரும்புச் சேமிப்பு அடிமட்டத்தில் கிடப்பது தெரிந்தது. மாதவிடாயில் போவது, வியர்வையில் போவது, ஓடும்போது பாதத்தில் சிவப்பணுக்கள் நசுங்கிப் போவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். சாப்பாட்டோடு காபி, டீ குடிப்பதை நிறுத்தினேன். கீரை, பருப்போடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தேன். மருத்துவர் தந்த மாத்திரையும் எடுத்தேன். மூன்று மாதத்தில் பழைய கால் திரும்பியது. ஃபெரிட்டின் பார்க்காமல் "ஸ்டாமினா இல்லை" என்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்கள் எத்தனை பேரோ!

இன்னொன்று, ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே சாப்பாட்டைக் குறைப்பது. எடை குறைகிறதே என்று சந்தோஷமாக இருக்கும். மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ உடம்புக்கு வேண்டிய ஆற்றல் கிடைக்கவில்லை என்று பொருள். எலும்பும் அதோடு வலுவிழக்கும். இதை வெட்கப்படாமல் பேச வேண்டும்.

1928-இல் பெண்கள் 800 மீட்டர் ஓடி மூச்சு வாங்கியதைப் பார்த்து, அந்தத் தூரத்தையே 1960 வரை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெண்கள் மாரத்தான் 1984-இல்தான் வந்தது. அங்கிருந்து இன்று ரேஸ்கோர்ஸ் சாலையில் விடிகாலையில் சேலையும் ஷூவுமாக ஓடும் அம்மாக்கள் வரை வந்திருக்கிறோம். தென்றல் அண்ணா, நீங்கள் ஃபுல் ஓட வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் இந்த ஜனவரியில் வேண்டாம்.

கிழக்குக்கரை சிங்கை | செவ்வாய், காலை 7:30

சிங்கப்பூரின் வெக்கையும் சென்னையைப் போலத்தான், ஆண்டு முழுக்க. வைகைக்கரை ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன், 42 உடல்நலத்துக்கான எண் அல்ல. ஆனால் 30-க்கு மேல் உடம்பு வேறொரு பிரதேசத்துக்குள் போகிறது. அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை இருப்பவர்களை "எதற்கு?" என்ற கேள்வி நிறுத்தாது.

கணக்கைப் பாருங்கள். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கி.மீ.க்குச் சுமார் ஒரு கலோரி. தென்றலுக்கு 42 கி.மீ.க்கு 3,100 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தாகச் சேர்ந்திருப்பது அரைக் கிலோ அளவில், அதாவது 2,000 கலோரி. மீதியைக் கொழுப்பு தரும், ஆனால் அது மெதுவாகத்தான் தரும். தொடக்கத்தில் வேகமாக ஓடினால் மாவுச்சத்து சீக்கிரம் கரையும். 30, 32-இல் ஓட்டக்காரர்கள் 'வால்' என்று சொல்லும் சுவர் வந்துவிடும். கால் எடுத்து வைக்க முடியாது, தலை கிறுகிறுக்கும், காரணமில்லாமல் அழுகை வரும். முதல் 10 கி.மீ.யை வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக ஓடுவதுதான் இதற்கு மருந்து. அதோடு பசி வரும்முன்பே, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழம் 25 கிராம். கடையில் விற்கும் எனர்ஜி ஜெல்தான் வேண்டும் என்றில்லை, பேரீச்சம்பழமும் நடக்கும். கடலை மிட்டாய் ஓடும்போது தொண்டையில் நிற்கும், முடித்தபின் சாப்பிடுங்கள். எதைத் தின்றாலும் லாங் ரன்னில் தின்று பழகியிருக்க வேண்டும், வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும்.

தண்ணீர் பற்றி ஓர் எச்சரிக்கை. "தாகம் வரும்முன் குடி, நிறையக் குடி" என்பார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓட்டம் முடிந்து எடை கூடியிருந்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களும்தான் அதில் அதிகம். அதாவது நம்மைப் போன்ற மெதுவான ஓட்டக்காரர்கள், வழியில் தண்ணீர் தரும் ஒவ்வொரு ஹைட்ரேஷன் பாயிண்டிலும் நின்று குடித்தவர்கள். உச்சத்தில் மூளை வீங்கி உயிர் போகும். லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் பரவாயில்லை, கூடியிருந்தால் குடித்தது அதிகம்.

வைகைக்கரை | செவ்வாய், காலை 11:00

இளநீர் இருக்க இந்தப் பவுடரெல்லாம் எதற்கு? ஷூ விஷயத்திலும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஷிவ்நாத் சிங் என்ற ராணுவ வீரர் காலில் டேப் ஒட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடியவர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 11-ஆவது இடம். 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். நாற்பது ஆண்டுக்கு மேல் அந்தத் தேசியச் சாதனையை யாராலும் தொட முடியவில்லை. திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலில்தானே போகிறார்கள்?

கிழக்குக்கரை சிங்கை | செவ்வாய், பிற்பகல் 1:20

ஐயா, இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். ஓடி முடித்து இளநீர் குடியுங்கள், அருமையான பானம். ஓடும்போது உப்புப் போட்ட நீர்மோரோ மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ்ஸோ அதைவிடப் பொருத்தம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கிறது. உப்புக்கு அது சரி, தெம்புக்குப் பழம் தனியாக வேண்டும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இயன்முறை திருச்சி | செவ்வாய், இரவு 10:10

ஷிவ்நாத் சிங்கின் பெயரை இங்கே எடுத்ததற்கு நன்றி ஐயா, மறக்கக்கூடாத மனிதர். ஆனால் சிறு வயதிலிருந்து வெறுங்காலில் ஓடிய பாதமும், நாற்பது வருடம் ஷூவுக்குள் இருந்த பாதமும் ஒன்றல்ல. வெறுங்காலில் முன்பாதம் ஊன்றுவதால் முட்டிச் சுமை குறையும், அது கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் மாறும். தென்றலுக்கு இப்போது பலவீனமே அங்கேதான். கிரிவலம் நடை. நடையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும், விசையும் உடல் எடையை ஒட்டியே இருக்கும்.

தென்றல் சார், குடும்பத்தில் மாரடைப்பு என்றீர்கள், அதை யாரும் தொடவில்லை. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தான், ஹாஃப் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரைக் கணக்கெடுத்தார்கள். இதயம் நின்றது 59 பேருக்கு. மிக மிகக் குறைவுதான். ஆனால் ஃபுல் ஓடியவர்களில் இந்த விகிதம் ஹாஃபைவிட மூன்று மடங்குக்கு மேல். வெளியே தெரியாமல் இருந்த இதய நோய்தான் பலருக்குக் காரணம். பதிவுப் பணம் கட்டும்முன் இதய மருத்துவரைப் பார்த்து ஈசிஜியும், அவர் சொன்னால் டிரெட்மில் சோதனையும் எடுத்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம் என்றால் அன்றே நிறுத்த வேண்டும். காய்ச்சலோடும், காய்ச்சல் விட்ட சில நாளுக்கும் ஓடவே கூடாது.

தாம்பரத்துத் தென்றல் | புதன், காலை 8:40

எல்லோருக்கும் நன்றி. ஜனவரியில் ஹாஃப் மட்டும் ஓடுகிறேன், ஃபுல் அடுத்த ஆண்டு. ஒற்றைக்கால் எண்ணிக்கை 25 வந்து, 30 கி.மீ. லாங் ரன் நிதானமாக முடிந்தால் மட்டும் பதிவு செய்வேன். இதய மருத்துவரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். வாரத்துக்கு எத்தனை நாள், எப்படிப் பிரிப்பது என்று யாராவது சொல்ல முடியுமா? தெருநாய்த் தொல்லைக்கும் வழி சொல்லுங்கள், எங்கள் ஏரிக்கரைச் சாலையில் ஐந்து மணிக்கு ஒரு கூட்டம் நிற்கிறது.

பெசன்ட்நகர் அலை | புதன், இரவு 7:25

நல்ல முடிவு. அப்படியானால் அக்டோபர் முடியும்வரை இப்படி வையுங்கள். செவ்வாய் 7 கி.மீ. ஈசி, வியாழன் 8, அதில் கடைசி 2 மட்டும் கொஞ்சம் வேகமாக. ஞாயிறு 14-இலிருந்து 18 வரை லாங் ரன். திங்களும் வெள்ளியும் டாக்டர் சொன்ன வலுப் பயிற்சி. புதனும் சனியும் ஓட்டமில்லை. நான்காவது வாரம் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள், எலும்பு கட்டிக்கொள்ள நேரம் வேண்டுமே. நவம்பரில் மழை விடாமல் பெய்தால் தண்ணீர் தேங்கிய சாலையில் இறங்க வேண்டாம், மூடியில்லாத பள்ளம் தெரியாது. அந்த வாரம் படிக்கட்டு ஏறுங்கள்.

நாயைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், முதுகு காட்ட வேண்டாம், கண்ணோடு கண் பார்க்கவும் வேண்டாம். கூட்டமாக நிற்கும் இடத்தை விட்டு வழியை மாற்றுவதுதான் நல்லது. பல் லேசாகப் பட்டாலும் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஞாயிறு காலை 4:45-க்கு எலியட்ஸ் கடற்கரையில் நாங்கள் சிலர் 16 கி.மீ. ஓடுகிறோம், பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான். வருவதென்றால் சனிக்கிழமைக்குள் இங்கேயே எழுதுங்கள். நீர்மோர் நான் கொண்டுவருகிறேன்.